எனக்கு 66, வெள்ளையனுக்கு 6

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஐப்பசியில் உங்கள் அம்மா (என் மனைவியை அப்படித்தானே கூப்பிடுவீர்கள்) காலமான பிறகு நைனார்பாளையம் வீட்டில் நான் ஒருவன்தான். மகன் சிங்கப்பூரில், மகள் தாம்பரத்தில். "ராத்திரியில உங்ககூட ஒரு உயிராவது இருக்கணும்ப்பா" என்று இருவரும் போனிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். எந்த உயிர் என்பதில்தான் சண்டை. மகன் கிரேட் டேன் நாய் என்றான். மகள் வீட்டுப் பேரன் இகுவானா என்றான். பேத்திக்குப் பேசுகிற கிளி வேண்டும். என் மைத்துனர் ராஜபாளையம் என்று ஒரே பிடியாக நின்றார்.

யார் சொன்னதையும் தள்ளாமல் ஒவ்வொன்றாக விசாரித்தேன். உங்களில் பலருக்கும் வீட்டில் பிள்ளைகள் இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கிளி. நம் ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு கிளிக்கூண்டாவது இருக்கும். ஆனால் நம் நாட்டுப் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே கதைதான். "பாசமாத்தானே வளர்க்கிறோம்" என்ற பதில் வனத்துறையிடம் எடுபடாது. பேத்தி வந்தபோது சாயங்காலம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பனைமரத்தில் அடையும் கிளிகளை எண்ணச் சொன்னேன். முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை அவளால். அத்தனையும் நம்முடையதுதான், கூண்டு மட்டும் இல்லை என்றேன். ஒப்புக்கொண்டாள்.

அடுத்து இகுவானா. கடையில் பார்க்கும்போது நம் ஓணான் அளவுதான் இருக்கும். வளர்ந்தால் வாலோடு சேர்த்து 5 அடியைத் தாண்டும். இலை தழை தின்கிற பிராணி. வீட்டுக்குள் வைத்தால் சூடும் புற ஊதா வெளிச்சமும் தருகிற விளக்குகள் வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு வலுவிழந்துபோகும். இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு விதியே கொண்டுவந்துவிட்டது. பேரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நீ பத்தாவது படிக்கும்போது, பரீட்சை நேரத்தில், அதன் கூண்டை யார் கழுவுவது?" அவன் அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அதோடு முடிந்தது.

கிரேட் டேன் அழகான நாய். தோள்பட்டை வரைக்குமே இரண்டரை அடிக்கு மேல் உயரம். எடை 50 கிலோவைத் தாண்டும். ஆனால் பெரிய உடம்புக்குச் சின்ன ஆயுசு. பெரும்பாலும் 7 முதல் 10 வருடம்தான். ஒரே வேளையில் நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயமும் அதற்கு அதிகம். முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும். இன்னொன்று, நாய்க்கு மருந்து எடைக் கணக்கில்தான். 15 கிலோ நாய்க்கு ஒரு மாத்திரை என்றால் இதற்கு நாலு. என் ஓய்வூதியத்துக்கு அது தாங்காது.

செயின்ட் பெர்னார்டு வாங்கலாமா என்று கேட்ட தம்பிகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அது ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் பனியில் சிக்கியவர்களைத் தேட வளர்த்த நாய். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்தக் கம்பளி ரோமத்தோடு நம் சித்திரை வெயிலில் கட்டிப்போடுவது பாவம். நாள் முழுக்க ஏசி போட்டாலும், கரண்ட் போகும்போது என்ன செய்வீர்கள்?

ராஜபாளையம் நம் மண்ணுக்கு ஏற்ற நாய். குட்டை ரோமம், வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. நாயை மதித்த ஊர்தான் நம் தமிழ்நாடு. நமக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெருமை வேறு, வளர்ப்பு வேறு. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம். ஓட இடம் வேண்டும். ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும், புதியவர்களை லேசில் நம்பாது. இரண்டு படுக்கை அறை அடுக்குமாடி வீட்டில் சங்கிலியில் கட்டிவைத்தால் கடிநாயாகத்தான் மாறும். இந்த இனத்து வெள்ளைக் குட்டிகளில் சில காது கேளாமல் பிறக்கும். வாங்கும் முன் குட்டிக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். திரும்பாத குட்டியை விவரம் தெரிந்தவர்கள்தான் வளர்க்க முடியும்.

எனக்கு இருந்த தடை வேறு. இந்த நாய் 10, 12 வருடம் இருக்கும். இன்றைக்குக் குட்டி வாங்கினால் அது கிழமாகும்போது எனக்கு 78. முட்டிவலியோடு அதுவரை அதை நான் நடத்திக்கொண்டு போக வேண்டும். நான் முந்திக்கொண்டால் ஒருவரை மட்டுமே நம்பிப் பழகிய அந்த வாயில்லா ஜீவனை யாரிடம் விடுவது? சிங்கப்பூருக்கா அனுப்புவது?

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் 2001இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் வந்தான். மூன்று வருட வேலைக்கு வளைகுடா போகிறான். அவன் வளர்த்த ராஜபாளையம் வெள்ளையனுக்கு வயது 6. "சார், விக்க மனசில்ல, நீங்க வச்சுக்கறீங்களா?" என்றான்.

உடனே சரி என்று சொல்லவில்லை. 20 நாள், தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். முதல் வாரம் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் சோற்றுத் தட்டை நான் வைத்தேன். அதன்பிறகு அவனும் நானும் சேர்ந்து வெள்ளையனை நடத்திப் போனோம். கடைசி மூன்று நாள் நான் மட்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையைச் சரிபார்த்தேன். வருடா வருடம் போட வேண்டிய ஊசி அது.

ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறோம். நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் எதிர்வீட்டுக்காரர் சோறு வைப்பார். நான் போய்விட்டால் அந்த மாணவனின் தம்பி வந்து கூட்டிப்போவான். படித்ததும் மகள் அழுதாள். "எதுக்குப்பா இதெல்லாம் எழுதறீங்க?" என்றாள். ஒரு உயிரைப் பொறுப்பில் எடுக்கும்போது எழுதத்தானே வேண்டும்?

என் பிள்ளைகளுக்கு இங்கேயே ஒன்று சொல்கிறேன், நாலு பேர் சாட்சியாக. வெள்ளையன் வந்த நாள் முதல் எனக்கு ராத்திரி நல்ல தூக்கம். விடியற்காலை அவனுக்காக எழுந்து நடக்கிறேன். பேச்சுத்துணைக்கும் குறைவில்லை. ஆனால் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தால் அவன் குரைப்பான், போன் போடமாட்டான். ஆகவே தினமும் ராத்திரி 8 மணி போன் நிற்கக் கூடாது. நாய் வந்துவிட்டது என்று பொங்கலுக்கு வராமலும் இருக்கக் கூடாது.

என்னைப் பார்க்க வரும் மாணவர்களுக்கு: கேட்டைத் தட்டிக் கூப்பிடுங்கள், நீங்களாகத் திறக்காதீர்கள். நான் வந்து பிடித்துக்கொள்கிறேன். உள்ளே வந்ததும் ஓடாதீர்கள், அவன் கண்ணையே உற்றுப் பார்க்காதீர்கள், குனிந்து தலையைத் தடவப் போகாதீர்கள். சும்மா உட்காருங்கள், அவனே வந்து மோந்து பார்ப்பான். டியூஷன் பிள்ளைகள் இருக்கும் 5 முதல் 7 மணி வரை அவன் பின்கட்டில்தான் இருப்பான். எங்கேயாவது எந்த நாயாவது கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

வரும்போது பிஸ்கட், சாக்லேட் வாங்கி வராதீர்கள். சாக்லேட் நாய்க்கு விஷம், எனக்குச் சர்க்கரை. இரண்டு அவித்த முட்டை போதும், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.