தோல் பையும் பழைய லென்ஸும்

புது மிரர்லெஸ் கேமராவில் பழைய மேனுவல் லென்ஸ் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும். எம்42 திருகு லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. தான். மிச்சத்தை அடாப்டர் என்ற வெற்று வளையம் நிரப்பிவிடும்.

குறைந்த செலவில் தொடங்க சோவியத் ஹீலியோஸ் 44-2, ஜப்பானின் டக்குமார் 55 மி.மீ. இரண்டுமே நல்லவை. ஃபோகஸ் மட்டும் நாம்தான் திருகிப் பிடிக்க வேண்டும்.

வாங்குமுன் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் தூசி பரவாயில்லை. சிலந்தி நூல்போல் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். வகுப்புப் படங்கள் எடுத்த என் 50 மி.மீ. லென்ஸை, ஆம்பூரில் ஒரு மாணவனின் அப்பா ஆசையாகத் தைத்துத் தந்த தோல் பையில் பல வருடம் பொத்தி வைத்திருந்தேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இருட்டும் சேர்ந்தது. திறந்தபோது கண்ணாடி முழுக்கப் பூஞ்சை.

இப்போது லென்ஸ்கள் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில். அந்தப் பையை எறிய மனமில்லை, சாவிகள் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் தோல் பையில் ஒரு கேமரா தூங்கினால், இன்றே வெளியே எடுங்கள்.