கூட்டத்திலே ஒரு மரை

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கான் பொம்மை புதிதன்று. எங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பீங்கான் மான் நெடுங்காலமாக நின்று கொண்டிருக்கிறது. அதன் கொம்புகளில் ஒன்று ஒடிந்து போய்விட்டது. ஒரு நாள் என் பெண், சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் எழுதிய பழைய வேட்டைப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருந்தவள், “அப்பா! இலங்கையில் ‘எல்க்’ உண்டா?” என்று கேட்டாள்.

உபாத்தியாயர்களுக்கு ஒரு குறை உண்டு. ‘தெரியாது’ என்று சொல்ல நா எழாது. “எல்க் குளிர் தேசத்து மிருகம் அல்லவா? இலங்கையில் ஏது?” என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பிறகு விசாரித்ததில் நானே தோற்றேன். ஐரோப்பாவில் எல்க் என்பது ஒரு மிருகம். அமெரிக்காவில் அதே பெயர் வேறொன்றுக்கு. இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரர்களோ அங்கிருந்த கடமானுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள்! நாம் கடமான் என்போம். கன்னியாகுமரிப் பக்கத்தில் மிளா என்பார்கள். இலங்கைத் தமிழர் மரை என்பார்கள். தோற்றதற்கு அபராதமாக, அந்த மிருகத்தை நேரிலேயே காட்டுகிறேன் என்று பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அரைப் பரீட்சை விடுமுறையில் நாங்கள் மூவரும் நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். பேக்கர் 1848-ஆம் ஆண்டில் பண்ணை அமைத்துக் குடியேறிய ஊர் அது. அங்கிருந்து மேலே ஏறினால், ஏழாயிரம் அடி உயரத்தில் ஹார்ட்டன் சமவெளி இருக்கிறது. பேக்கர் நாய்க்கூட்டத்தை ஏவி மரையைத் துரத்துவார். களைத்துப்போன மிருகம் ஓடைத் தண்ணீரில் இறங்கி எதிர்த்து நிற்கும்போது கத்தியால் குத்திக் கொல்வார். அவர் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சி ஒன்று இன்றும் அங்கே விழுந்து கொண்டிருக்கிறது. அவருக்கு முன்னே ரோஜர்ஸ் என்ற மேஜர் ஒருவர் சுமார் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்கிறார்கள். 1845-இல் இடி விழுந்து அவர் மாண்டார். அந்தச் சமவெளியில் இன்று யானை கிடையாது. மரை மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது. 1988 முதல் அந்த இடம் தேசீய வனமாக இருப்பதால், இனி அங்கே கண்ணால் மட்டுமே வேட்டையாடலாம்.

கண் வேட்டைக்கும் கூட்டம் பெரிய சத்துரு என்பது முதல் நாளே விளங்கிவிட்டது. விடியுமுன் போனோம். வாசலில் வண்டிகள் வரிசை பிடித்து நின்றன. ‘உலக முடிவு’ என்ற செங்குத்தான பாறை விளிம்பை, மூடுபனி வந்து மறைக்குமுன் பார்த்துவிட வேண்டுமென்று ஜனங்கள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நாங்களும் கூடவே ஓடினோம். ஒன்பது கிலோமீட்டர் சுற்றி வந்தோம். சிரிப்பும் கூச்சலும் காதில் விழுந்தன. மரையின் வால் நுனிகூடக் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்தால், வண்டிகள் நிற்கும் இடத்தருகே கம்பீரமான ஆண் மரை ஒன்று நின்று கொண்டிருக்கிறது! “வாக்கு நிறைவேறிவிட்டது” என்று நான் பெருமூச்சு விட்டேன். ஆனால் அதைச் சுற்றி நின்றவர்கள் பிஸ்கோத்தை நீட்டிக் கொண்டிருந்தார்கள். அது ஒவ்வொரு கையாக முகர்ந்துவிட்டு, தரையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மெல்லத் தொடங்கிற்று. நானும் பையிலிருந்த முறுக்கை எடுத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் பெண் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் கண்களில் நீர் தளும்பிற்று. “இது பிச்சை எடுக்கிறது அப்பா. நான் பார்க்க வந்தது இதை இல்லை” என்றாள்.

வண்டியோட்டி வந்த பெரியவர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர். எங்கள் ஊரைக் கேட்டதும், “எங்க பாட்டன் ஊரும் தென்னாற்காட்டுப் பக்கந்தான்னு சொல்லுவாங்க, ஐயா” என்று சொல்லி மகிழ்ந்தவர். அவர் மெதுவாகச் சொன்னார்: “பாப்பா சொல்றது சரிங்க. அந்த உறை வயித்துக்குள்ளே போனா மரை செத்துப் போகும். தின்னக் குடுத்துக் குடுத்துத்தான் இப்படி ஆக்கிப்புட்டாங்க.”

அன்றிரவு விடுதியில் நான் மௌனமாக உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கேட்டாள்: “மாசி மகத்தன்று நம் ஊரில் என்ன செய்வோம்?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. “ஊரெல்லாம் தீர்த்தவாரிக்கு மணிமுத்தாற்றுக்குப் போகும்போது நாம் பழமலைநாதர் சந்நிதிக்குப் போவதில்லையா? கூட்டம் எங்கே போகிறதென்று தெரிந்தால், எங்கே நிம்மதி என்பதும் தெரியுமே” என்றாள். பட்டப் படிப்பில் எனக்குக் கிடைக்காத ஞானம் அது!

மறுநாள் பெரியவரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பனி மூடியபின் உலக முடிவை யார் தேடுவார்கள்? பிற்பகலில், ஜனங்கள் கீழே இறங்கும் நேரத்தில், எங்களை மேலே அழைத்துப் போனார். புல்வெளியும் காடும் சந்திக்கும் ஓரமாய்ச் சாலை போகும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். வெயிலில் காட்டுக்குள் மறைந்திருக்கும் மரை, பொழுது சாயும்போது மேய்ச்சலுக்கு அந்த விளிம்பில்தான் வெளிப்படுமாம். ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்று எங்கிருந்து வீசுகிறதென்று பார்த்தார். காற்று எங்கள் முகத்தில் அடிக்கும்படி நிற்க வைத்தார். “அதுக்கு மூக்கும் காதும் ரொம்பக் கூர்மை. அசையாம நின்னா மட்டும் கண்ணு ஏமாந்து போகும்” என்றார். சாலையை விட்டுப் புல்லில் இறங்கவும் விடவில்லை.

அமெரிக்காவிலே கொலராடோ முதலிய ராஜ்யங்களின் பொதுக் காடுகளில் இன்றும் எல்க் வேட்டைக்கு அனுமதி உண்டு. பருவம் திறந்ததும் அங்கே வேடர் கூட்டம் நெரியும். வெடிச் சத்தம் கேட்டதும் மந்தைகள் சாலைகளை விட்டு விலகிப் போய்விடும். ஆகவே தேர்ந்த வேடர்கள் வார நடுவில் போகிறார்கள். சாலையை விட்டுத் தூர நடக்கிறார்கள். மற்றவர்கள் கலைத்துவிட்ட மிருகம் எந்த வழியாக ஒதுங்கும் என்று கணித்து, காற்றுக்கு எதிர் முகமாகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் துப்பாக்கியோடு கற்ற பாடத்தைப் பெரியவர் வெறுங்கையோடு கற்றிருந்தார்.

ஒரு மணி நேரம் நின்றோம். குளிரில் என் கால் மரத்துப் போயிற்று. இரண்டு முறை ‘போகலாம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். பெண்ணின் முகத்தைப் பார்த்து அடக்கிக் கொண்டேன். திடீரென்று காட்டுக்குள்ளிருந்து ‘டாங்க்’ என்று ஒரு கூர்த்த குரல்! சிறுத்தையின் வாடை பட்டால் மரை இப்படிக் கூவும் என்று பெரியவர் காதோடு சொன்னார். பனி சற்றே விலகிற்று. ஒரு பெட்டை மரை, அதன் பின்னே குட்டி, பிறகு இன்னும் இரண்டு. காதுகளை விறைத்துக் கொண்டு காட்டையே நோக்கி நின்றன. தாய் முன்னங்காலைத் தரையில் உதைத்தது. எங்களை அவை லட்சியம் செய்யவில்லை. மறு கணம் பனி மீண்டும் மூடிக் கொண்டது, மரைகளும் மறைந்தன.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இராது. கையில் படமும் இல்லை; எடுக்க வேண்டுமென்று மூவருக்கும் தோன்றவில்லை. என் பெண் மட்டும் என் விரலை இறுகப் பற்றியிருந்தாள்.

நெரிசலான உலகத்தில் ஜயம் பெற முந்தி ஓட வேண்டும் என்றுதான் நான் வகுப்பில் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். இனிமேல், சில காரியங்களுக்கு ஒதுங்கி நிற்கவும் பழக வேண்டும் என்று சேர்த்துச் சொல்லலாமென்று எண்ணுகிறேன்.

ஊர் திரும்பியதும், ஒற்றைக் கொம்புப் பொம்மையை மாற்றிப் புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன். “வேண்டாம் அப்பா. கடமான் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க விடுமாமே! இது உதிர்க்கும் பருவம்” என்று சொல்லி, அதைத் துடைத்து மறுபடியும் அலமாரியில் வைத்துவிட்டாள்.