கோரெமே என்றால் 'பார்க்க முடியாது' என்று அர்த்தமா? துருக்கியில் நான் வாங்கிய பல்பும், கற்ற பாடமும்!

பலூன் மேலே எழும்பி பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழே கூம்பு கூம்பாகப் பாறைகள். அவற்றில் ஜன்னல் வைத்த மாதிரி ஓட்டைகள். எங்களைச் சுற்றிலும் கலர் கலராகப் பலூன்கள். குளிரில் விரல் விறைத்துப் போனாலும் மொபைலை மட்டும் கீழே வைக்க மனசு வரவில்லை. அப்போதுதான் கூட வந்த கைடு அந்தக் கதையைச் சொன்னார்.

"இந்த ஊர் பேர் கோரெமே. எங்க மொழியில 'பார்க்க முடியாது'ன்னு அர்த்தம். அந்தக் காலத்துல எதிரிகளுக்குப் பயந்து ஜனங்க இந்தப் பாறைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்க. படையெடுத்து வந்தவன் கண்ணுக்கு ஊரே தெரியலை. அதனாலதான் கோரெமே!"

அடடா, இதுவல்லவா கன்டென்ட்! நாற்பது விநாடி வீடியோவாக எடுத்து, அறைக்கு வந்ததும் குரல் சேர்த்து அனுப்பிவிட்டேன். மதியத்துக்குள் ஷேர்கள் எகிற ஆரம்பித்தன. சென்னையிலிருந்து "சூப்பர், இதே மாதிரி இன்னும் ரெண்டு போடு" என்று மெசேஜ் வந்தது.

சாயங்காலம், நான் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளரிடம் அந்த வீடியோவைப் பெருமையாகக் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அங்கே ஆசிரியரை 'ஹோஜாம்' என்று கூப்பிடுவார்கள்; நானும் அப்படியே. அவர் என்னை 'கிஸிம்' என்பார். 'மகளே' என்று அர்த்தம். வீடியோவைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

"கிஸிம், நான் ஸ்கூல் படிச்சப்போ இந்த ஊருக்கு கோரெமேன்னு பேரே இல்லையே!"

எனக்கு பகீர் என்றது.

காதுக்கு ஒரு கதை, ஏட்டுக்கு ஒரு கதை

துலிப் பூ வடிவக் கண்ணாடி டம்ளரில் சாய் வந்தது. அங்கேயும் டீக்குப் பெயர் சாய்தான். ஹோஜாம் நிதானமாகச் சொன்னார்.

நாம் இன்று கோரெமே என்று சொல்லும் ஊருக்கு அவர் சிறுவனாக இருந்தபோது அவ்ஜிலர் என்று பெயர். 'வேட்டைக்காரர்கள்' என்று அர்த்தம். அதற்கும் முன்னால் மச்சான் (நம்மூர் மச்சான் இல்லைங்க!). பக்கத்துப் பள்ளத்தாக்கின் பழைய பெயரான கோரெமே, பிற்பாடுதான் ஊருக்கு வந்தது.

அந்தப் பெயராவது துருக்கிச் சொல்லா? 'கோர்' என்றால் துருக்கி மொழியில் 'பார்'. அதனால்தான் 'பார்க்க முடியாது' என்ற கதை அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. ஆனால், ஹியரோன் என்ற கிறிஸ்தவப் புனிதரைப் பற்றிய பழைய கிரேக்க நூலிலேயே இந்த இடம் 'கோராமா' என்ற பெயரில் வந்துவிடுகிறது. துருக்கியர்கள் இந்த மண்ணில் பெருமளவில் குடியேறியது 1071-ல் நடந்த மலாஸ்கிர்ட் போருக்குப் பிறகு. அதாவது, துருக்கி மொழி பேசுபவர்கள் வருவதற்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. வந்தவர்கள் 'கோராமா'வைத் தங்கள் வாய்க்கு ஏற்ப 'கோரெமே' ஆக்கினார்கள். பெயர் தங்கள் மொழிச் சொல் மாதிரியே ஒலித்ததால் அதற்கொரு கதையும் பிறந்துவிட்டது.

"கதை பொய்னு சொல்லலை. ஜனங்க பாறைக்குள்ள ஒளிஞ்சது நிஜம். பேருக்குக் காரணம் அது இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த வீடியோவுக்காக நான் எழுதி வைத்திருந்த வரியையும் தயங்கித் தயங்கிக் காட்டினேன். 'கப்படோக்கியா என்றால் அழகிய குதிரைகளின் நாடு!' நம்மூர் டிராவல் விளம்பரங்களில் கப்படோசியா என்று வருமே, இந்த வட்டாரம்தான் அது. அங்கே கடைக்குக் கடை இந்த விளக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். ஹோஜாம் உதட்டைப் பிதுக்கினார். பழைய பாரசீகக் கல்வெட்டுகளில் 'கத்பதுகா' என்ற வடிவம் இருக்கிறது. ஆனால், அந்தச் சொல்லுக்குள் குதிரை இல்லை என்கிறார்கள் மொழி அறிஞர்கள். அந்த வரியையும் டெலிட் செய்தேன்.

'அமேசான்' துருக்கிச் சொல்லாம்!

"எல்லாப் பேரையும் எங்க மொழியில இருந்து வந்ததா காட்டுறதுல நாங்க ஒரு காலத்துல பெரிய ஆளுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு ஜோக் சொன்னார். துருக்கியில் இன்றும் புழங்கும் ஜோக்குகள்.

ஒரு துருக்கிக்காரர் தென் அமெரிக்கா போனாராம். ஆற்றைப் பார்த்து 'ஆமா உஸுன்!' என்றாராம். 'என்ன நீளம்பா!' என்கிற மாதிரி. அதுதான் அமேசான் ஆனதாம். அப்படியே வடக்கே போய் அருவியைப் பார்த்து 'நே யாய்கரா!' என்றாராம். 'என்ன இரைச்சல்!' அது நயாகரா ஆனதாம்!

சிரித்து முடித்ததும் அவர் சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லை. 1923-ல் துருக்கி குடியரசானது. 1928-ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். 1932-ல் மொழிக் கழகம் தொடங்கினார்கள். 'நீங்கள் இந்த மண்ணுக்கு நேற்று வந்தவர்கள்' என்று ஐரோப்பா சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பதிலாக, இங்கே பழங்காலத்தில் வாழ்ந்த ஹிட்டைட்டுகளும், மெசபடோமியாவின் சுமேரியர்களும் எங்கள் முன்னோர்களே என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அரசு தொடங்கிய நிறுவனங்களுக்குக்கூட 1933-ல் சுமேர்பேங்க், 1935-ல் எட்டிபேங்க் என்று பெயர் வைத்தார்கள். 'எட்டி' என்றால் ஹிட்டைட்.

அதன் உச்சம்தான் 'சூரிய மொழிக் கொள்கை'. ஆதி மனிதன் சூரியனைப் பார்த்து வியந்து எழுப்பிய ஒலியிலிருந்துதான் மொழி பிறந்தது, அந்த மூல மொழிதான் துருக்கி என்றது அது. 1936-ல் இஸ்தான்புல்லின் டோல்மாபாச்சே அரண்மனையில் நடந்த மொழி மாநாட்டில் இதுதான் பேச்சு. 1938-ல் அத்தாதுர்க் மறைந்த பிறகு கொள்கையும் மெல்ல மறைந்தது.

இவ்வளவுக்கும், 'இஸ்தான்புல்' என்ற பெயரே கிரேக்கத்திலிருந்து வந்தது. 'நகரத்துக்கு' என்று பொருள்படும் 'இஸ் டின் போலின்' என்ற பேச்சு வழக்கின் திரிபு. தலைநகர் அங்காராவின் பழைய பெயர் அங்கிரா, கிரேக்கத்தில் 'நங்கூரம்'. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! மிடாஸ் மன்னன் அங்கே ஒரு நங்கூரத்தைக் கண்டெடுத்தான் என்று, அதற்கும் பழைய கிரேக்கர்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். ஆக, காதுக்கு இதமாகக் கதை கட்டுவது எந்த ஒரு மொழிக்காரருக்கும் மட்டும் உரியதில்லை.

கேசரி ஊர் இல்லை, சீசர் ஊர்

மறுநாள் கய்சேரி நகரத்துக்கு பஸ் ஏறினேன். பெயர்ப் பலகையை போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் அம்மாவிடமிருந்து பதில்: "கேசரியா? அங்கயும் நம்ம ஆளுங்கதானா!"

சாரிம்மா. இது ரோமானிய சீசரின் பெயர். 'கைசரேயா' என்பதுதான் கய்சேரி ஆனது. அதற்கும் முன்னால் ஊரின் பெயர் மஸாகா. இன்னும் பின்னால் போக வேண்டுமானால், கொஞ்சம் தள்ளியிருக்கும் குல்தெபே என்ற மேட்டுக்குப் போக வேண்டும்.

வெறும் மண்மேடு மாதிரிதான் தெரிகிறது. ஆனால், இங்கே கிடைத்த களிமண் பலகைகள் 20,000-க்கும் மேல். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அசீரிய வணிகர்கள் எழுதிய கடிதங்கள், கடன் பத்திரங்கள், கணக்கு வழக்குகள். அன்று இந்த ஊரின் பெயர் கனேஷ். (குடும்ப குரூப்பில் இதை மட்டும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் பிள்ளையாருக்குக் கோயில் கட்டியிருப்பார்கள்!)

குல்தெபே என்பது அசல் துருக்கிப் பெயர். 'குல்' சாம்பல், 'தெபே' மேடு. சாம்பல் மேடு. துருக்கியர்கள் வந்தபோது கனேஷ் என்ற பெயரை நினைவில் வைத்திருக்க அங்கே யாரும் இல்லை. அதனால், கண்ணில் பட்டதைப் பெயராக வைத்துவிட்டார்கள். வெள்ளை வெளேரென்ற பாறைப் படிகளுக்கு பாமுக்கலே, அதாவது பஞ்சுக் கோட்டை. கோரெமேவுக்குப் பக்கத்தில் அவனோஸ் ஊர் வழியாக ஓடும் நதிக்கு கிஸிலிர்மாக், செந்நிற ஆறு. ஹிட்டைட்டுகள் அதை மரஸ்ஸந்தியா என்றார்கள், கிரேக்கர்கள் ஹாலிஸ் என்றார்கள். துருக்கியர்கள் வைத்த பெயர்தான் இன்று அதன் கரையில் நின்றால் சட்டென்று புரிகிறது. அந்தச் செம்மண்ணில்தான் அவனோஸ் குயவர்கள் இன்றும் பானை வனைகிறார்கள்.

இந்தப் பெயர்களுக்கு எந்தக் கதையும் தேவைப்படவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

குருமாவும் துப்பாக்கியும்

கய்சேரியில் மதியச் சாப்பாட்டு மெனுவில் 'கவுர்மா' என்று இருந்தது. இறைச்சியை அதன் கொழுப்பிலேயே வதக்குவது. நம் பரோட்டாவுக்கு ஊற்றும் குருமாவின் பெயர் வந்த வழி இதுதான்: துருக்கியின் 'கவுர்மா', உருதுவில் 'கோர்மா', நம்மிடம் 'குருமா'. அந்த 'உருது' என்ற பெயரே துருக்கியின் 'ஒர்து' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். படை, பாசறை என்று அர்த்தம். கருங்கடல் ஓரத்தில் ஒர்து என்றே ஒரு நகரம் இருக்கிறது. நம் 'துப்பாக்கி'க்கும் துருக்கிச் சொல்லைத்தான் மூலமாகக் காட்டுகிறார்கள். எழுத்தில் கிடைக்கும் வடிவங்களும், படைகள் வந்த பாதையும் ஒத்துப்போகின்றன.

ஆனால், 'கூலி'? ஆங்கிலத்தின் 'கூலி'க்கு, அடிமை என்று பொருள்படும் துருக்கிச் சொல்லையும் சிலர் மூலமாகச் சொல்வதுண்டு. நம் திருக்குறளிலேயே கூலி இருக்கிறதே! துருக்கிப் படைகள் இந்தியப் பக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாம் கூலி வாங்கிக்கொண்டிருந்தோம்.

அதற்காக, துருக்கியில் அம்மாவை 'அன்னே' என்கிறார்களே, அது நம் 'அன்னை'தானே என்று கிளம்பிவிடக் கூடாது. குழந்தையின் வாயில் முதலில் வரும் எளிய ஒலிகள் எல்லா ஊரிலும் அப்பா, அம்மாவுக்கே போய்ச் சேரும். பக்கத்து நாடான ஜார்ஜியாவில் 'மாமா' என்றால் அப்பா!

வாசல் கல்லில் ஒரு பெயர்

கடைசி நாள் ஹோஜாம் என்னை முஸ்தஃபாபாஷாவுக்கு அழைத்துப் போனார். அவருடைய அப்பா பிறந்து வளர்ந்த ஊர். அழகான கல்வீடுகள். ஒரு வீட்டின் வாசல் நிலைக்கு மேலே கிரேக்க எழுத்துகள் செதுக்கியிருந்தன. "எங்க தாத்தா வீடு" என்றார்.

அந்த ஊரின் பழைய பெயர் சினாசோஸ். 1923-ல் துருக்கியும் கிரீஸும் ஓர் ஒப்பந்தம் போட்டன. துருக்கியிலிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. சுமார் 12 லட்சம் பேர் அங்கே, சுமார் 4 லட்சம் பேர் இங்கே. அப்படி வந்தவர்தான் அவருடைய தாத்தா. வேறொரு குடும்பம் பூட்டிவிட்டுப் போன வீட்டில் குடியேறினார். பக்கத்து உர்குப் ஊரின் கிரேக்கப் பெயர் ப்ரோகோபி. அங்கிருந்து போனவர்கள் கிரீஸில் குடியேறிய கிராமத்துக்கு 'அஹ்மத் ஆகா' என்று துருக்கிப் பெயர் இருந்தது. இன்று அதுவும் ப்ரோகோபி.

இரண்டு பக்கமும் பெயர் மாற்றினார்கள். துருக்கியில் மட்டும் கடந்த நூற்றாண்டில் சுமார் 12,000 கிராமங்களின் பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. கிரேக்கம், அர்மேனியம், குர்து, அரபு என்று வேறு மொழிகளில் ஒலித்த பெயர்கள். சில ஊர்கள் மட்டும் பழைய பெயரைத் திரும்பப் பெற்றிருக்கின்றன.

"எங்க தாத்தா சாகிற வரைக்கும் கிரீஸ்ல விட்டுட்டு வந்த ஊர் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தார். நான் மேப்ல தேடினேன், கிடைக்கலை. அங்கயும் மாத்திட்டாங்க" என்றார் ஹோஜாம். பிறகு அந்தக் கிரேக்க எழுத்தைக் காட்டினார். "இதைச் செதுக்கி எடுத்துடலாமேன்னு ஒருத்தர் எங்க அப்பாகிட்ட சொன்னாராம். 'வீட்டைக் கட்டினவன் பேரு இருக்கட்டும், அதனால வீடு என்னோடது இல்லைன்னு ஆகிடுமா'ன்னு கேட்டாராம் அப்பா."

அன்று ராத்திரி என் வீடியோவுக்கு ஒரு திருத்தம் பதிவிட்டேன். 'கோரெமே துருக்கிச் சொல் அல்ல. அதற்கு முன்பே அது கோராமா. தவறான தகவலுக்கு வருந்துகிறேன்.' முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட அதைப் பார்க்கவில்லை. பரவாயில்லை, ஹோஜாம் பார்த்தார். கீழே ஒரு ஹார்ட் போட்டிருந்தார்.

இப்போதெல்லாம் குடும்ப குரூப்பில் யாராவது 'இந்த வெளிநாட்டு ஊர்ப்பெயர் தமிழாம்!' என்று ஃபார்வர்டு போட்டால், நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த ஊர்ப் பெயரை முதன்முதலில் யார், எப்போது, எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் பதில் வருவதில்லை. அம்மா மட்டும் கேசரி ரெசிப்பி அனுப்புகிறார்.