மேல் தாடைக்குள் ஒரு வாய்க்கால்

சென்ற வருடம் மேல் வரிசை முன் பல் ஒன்று விழுந்துவிட்டது. இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி, அதன்மேல் பல் கட்டுவார்கள். முதலில் போன இடத்தில் சிறிய எக்ஸ்ரே பிலிம் ஒன்று எடுத்தார்கள். பக்கத்துப் பல்லின் வேர் நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. "சீழ் கோத்திருக்கு, அந்தப் பல்லுக்கும் ரூட் கெனால் செஞ்சிடலாம்" என்றார்கள். அந்தப் பல்லில் எனக்கு ஒரு நாளும் வலியோ கூச்சமோ இருந்ததில்லை. கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். கோப்பை முழுதாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. இன்னொருவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர், என் மகள் வயது இருக்கும். குளிரூட்டிய பஞ்சை அந்தப் பல்லின்மேல் வைத்தார். சுரீர் என்றது; எடுத்ததும் அடங்கிவிட்டது. "பல் உயிரோடதான் இருக்கு சார்" என்றவர், சி.பி.சி.டி. ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்.

தலையை அசைக்காமல் நிற்க வேண்டும். கருவி தலையைச் சுற்றி வருகிறது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. கூம்பு வடிவில் விழும் கதிரைக் கொண்டு பல கோணங்களில் எடுத்த படங்களைக் கணினி ஒன்றுசேர்த்து, தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிறது. சாதாரண பிலிமில் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும். இதிலோ ரொட்டியைத் துண்டு போடுவதுபோல மெல்லிய வில்லைகளாக வெட்டிப் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தபோது அந்தக் கறுப்புப் புள்ளி வேர் நுனியிலேயே இல்லை. வேருக்குப் பின்னால், அண்ணத்தின் பக்கம், எலும்புக்குள் ஓடும் ஒரு மெல்லிய குழாய் அது. "கனாலிஸ் சினுவோசஸோட கிளை சார்" என்றார் மருத்துவர். லத்தீன் பெயர்தான். ஆனாலும் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அது அந்நியமாகப் படவில்லை. பிரெஞ்சிலும் 'கனால்' என்றால் வாய்க்கால். 'சினுயெ' என்றால் வளைந்து வளைந்து போவது. வளைந்தோடும் வாய்க்கால்! ஊரில் பெரிய வாய்க்காலைத் தாண்டித் தாண்டியே பள்ளிக்கூடம் போனவனுக்கு வாய்க்குள்ளேயும் ஒன்று இருப்பது இத்தனை வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இந்தப் பெயரை வைத்தவர் பிரெடெரிக் வுட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் உடற்கூற்றியல் அறிஞர். 1939இல் இதை விவரித்து எழுதினார். கண் குழிக்குக் கீழே எலும்புக்குள் ஒரு நரம்பு வருகிறது. அதிலிருந்து பிரியும் ஒரு கிளை, இரத்தக் குழாய்களோடு சேர்ந்து, இந்த வளைந்த வழியாக மூக்கின் ஓரம் இறங்கி மேல் முன்பற்களுக்கு வருகிறது. சிலருக்கு அதிலிருந்து இன்னும் சிறு கிளைகள் பிரிந்து அண்ணத்தில் திறக்கின்றன. ஆளுக்கு ஆள் இடம் மாறும். ஒரே ஆளுக்கு வலப்பக்கம் இருப்பது இடப்பக்கம் இல்லாமலும் போகும். பொதுப்பணித் துறை வரைபடத்தில் முதன்மை வாய்க்கால் இருக்கும். கிளை வாய்க்காலைப் பார்க்க வயலில்தான் இறங்க வேண்டும். அதுபோலத்தான் இதுவும்.

தெரியாமல் அதற்குள் திருகை இறக்கினால் இரத்தம் கசியலாம். வலியோ மரத்துப்போன உணர்வோ நீடிக்கலாம். எனக்கு ஸ்கேனைப் பார்த்து, அந்தக் கிளையை விட்டு விலகித் திருகை இறக்கினார்கள். நல்ல பல் ஒன்று வெட்டுக்குத் தப்பியது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எண்பதைத் தாண்டிய என் பெரிய அக்கா இன்றும் அதை நம்பி, ஆடுகிற சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு, முகம் வீங்கினால் கஞ்சி குடித்தே நாளைத் தள்ளுகிறார். "பார்வை போனா நீயாடா வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவே?" என்று கேட்பார்.

அந்தப் பேச்சை நானும் முன்பு வெறும் கட்டுக்கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்கேனைப் பார்த்தபிறகு முன்னோர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. முன்பல் வலி கண்ணுக்குக் கீழே வரை இழுப்பதற்கு உள்ளே ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தொடு உணர்ச்சிக்கும் வலிக்கும் உள்ள நரம்பு. பார்வை நரம்பு வேறு. அது கண்ணின் பின்புறமாக நேரே மூளைக்குப் போகிறது. பல்லைப் பிடுங்குவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. மாறாக, மேல் பல்லின் சீழைக் கவனிக்காமல் விட்டால்தான், அபூர்வமாக, நோய் கண் குழி வரை பரவி ஆபத்தாகும்.

ஒவ்வொரு பல்வலிக்கும் இந்த ஸ்கேன் வேண்டியதில்லை. சிறு பிலிமைவிட இதில் கதிர்வீச்சு அதிகம். ஆனால் மேல் தாடையில் திருகு வைக்கும்போதோ, வலியில்லாத பல்லில் புள்ளியைக் காட்டிச் சிகிச்சை என்று சொல்லும்போதோ, "பல் உயிரோட இருக்கான்னு சோதிச்சீங்களா? ஸ்கேன் தேவைப்படுமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்காவுக்கு இதைப் பேத்தி படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அக்கா, வருகிற திங்கட்கிழமை ஆட்டோ சொல்லியிருக்கிறேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போக நான் வருகிறேன்.