வீழ்ந்த மரத்தின் வாழ்வு

தோட்டத்தில் நிழலும் கனியும் தந்து நிற்கும் மரம் வீட்டாருள் ஒருவரைப் போன்றது. அத்தகைய மரம் புயலில் வீழ்ந்துவிட்டால் அதனை என் செய்வது? விறகாக்குவதே பலரும் அறிந்த வழி. ஆயின் அதனினும் சிறந்த வழியொன்று உண்டு. அதனைக் காட்டுவது கடைசல் தொழிலாகும்.

2011-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் ‘தானே’ என்னும் புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. விழுப்புரம் மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் உழவர் ஒருவரின் தோட்டத்துப் பலா வேரோடு வீழ்ந்தது. அஃது அவர்தம் அன்னை நட்ட மரம். வீட்டுக் கூரையும் காற்றோடு போயிற்று. விறகு வணிகர் வந்து முழுமரத்திற்கும் விலை பேசினார். கூரை வேயப் பணம் வேண்டும். அன்னை நட்ட மரத்தை அடுப்பிற்கு அனுப்பவோ மனம் ஒப்பவில்லை. விழுப்புரத்தில் கடைசற் பட்டறை நடத்திய முதியவர் ஒருவரிடம் அவர் சென்றார்.

“ஐயா, இம்மரத்தை இப்பொழுதே கடைந்து தர இயலுமா?” என்று கேட்டார்.

“தம்பி, பச்சை மரம் வெடிக்கும். கிளைகளை விறகுக்குக் கொடு, கூரை எழும்பும். அடிமரத்தை என்னிடம் விடு, ஓராண்டு பொறுத்திரு. கூலிக்குப் பாதிக் கட்டை போதும்,” என்றார் முதியவர்.

பச்சை மரத்தினுள் நீர் மிகுதியாக உண்டு. அந்நீர் வற்றும்போது மரம் சுருங்கும். நெடுக்கு வாட்டத்தில் அச்சுருக்கம் மிகச் சிறிது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சற்று மிகுதி. வளையங்கள் சுற்றிச் செல்லும் திசையிலோ அதனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இவ்வேறுபாட்டினாலேயே உருண்டைக் கட்டை நடுவிலிருந்து பிளக்கிறது. ஆதலின் முதியவர் அடிமரத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் நடுவழியே நெடுக்கில் பிளந்தார். வெட்டுமுனைகளின் வழியாகவே நீர் விரைந்து வெளியேறுமாதலால் அவற்றில் மெழுகு பூசினார். பிறகு காற்றுப் புகுமாறு இடையிடையே குச்சிகள் வைத்து நிழலில் அடுக்கினார்.

உழவரின் மகன் பொறுக்கவில்லை. ஒரு துண்டை வேறொரு பட்டறைக்குக் கொண்டு சென்று கிண்ணமாகக் கடைவித்தான். ஒரு திங்களுக்குள் அது வாய் கோணி, விளிம்பு வெடித்தது. முதியவர் அவனைக் கடிந்துரைக்கவில்லை. வெடித்த கிண்ணத்தை அவன் கையிற் கொடுத்து, பிளவு ஓடிய திசையைப் பார்க்கச் சொன்னார், அவ்வளவே.

மரத்தின் உள்ளமைப்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அகத்தே வயிரமுடையது மரம் என்றும், புறத்தே வயிரமுடையது புல் என்றும் தொல்காப்பியம் மரபியலில் பகுத்துரைக்கிறது. அவ்வயிரத்திற்குக் காழ் என்பது பழம்பெயர். வயிரத்தைச் சூழ்ந்த வெளிறு மென்மையானது. பூச்சி அரிப்புக்கு எளிதில் இரையாவது. பலாவின் வயிரமோ மஞ்சள் நிறத்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறி அழகு பெறுவது.

தயிர் கடைதலும் மரம் கடைதலும் தமிழில் ஒரே சொல்லால் வழங்குதல் எண்ணி மகிழத்தக்கது. மத்தைக் கயிற்றால் மாறி மாறி இழுத்துச் சுழற்றுவதுபோலவே, பழைய பட்டறைகளில் இரு முனைகளிடையே பொருத்திய கட்டையைக் கயிற்றால் இழுத்துச் சுழற்றினர். இன்று மின்பொறி சுழற்றுகிறது. ஆயினும் உளியை எங்கே அழுத்துவது, எங்கே தளர்த்துவது என்பதைக் கையே அறிதல் வேண்டும்.

ஓராண்டு கழிந்தது. உழவரின் இல்லத்திற்குத் தொட்டிற் கட்டை ஒன்றும், மத்து ஒன்றும், சிறுவர் விளையாடும் செப்புகளும் வந்து சேர்ந்தன. எஞ்சிய பாதி முதியவரின் கூலியாயிற்று. அவ்வில்லத்திற் பிறந்த பேரக்குழந்தை, தான் காணாத கொள்ளுப்பாட்டி நட்ட மரத்தின் கீழ் உறங்கியது. மரம் மட்டும் உருமாறியிருந்தது.

பழைய மரத்தை இங்ஙனம் போற்றும் தொழில்கள் நம் நாட்டில் வேறும் உள. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைவோர், பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த ஆச்சா மரத்தையே நாடுவர். பல்லாண்டு உலர்ந்த அம்மரம் இனிய ஒலி தருவதே காரணம். அந்நாகசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிருதங்கத்திற்குப் பலாக்கட்டையே உகந்தது. பண்ணுருட்டிப் பலா அதற்குப் பெயர் பெற்றது. கன்னட நாட்டுச் சன்னபட்டணத்திலோ சுழலும் பொம்மையின்மீது வண்ண அரக்கை அழுத்துவர். உராய்வின் வெம்மையால் அரக்கு உருகிப் படியும்.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அங்கே இயற்கை மரத்திற்கு அளித்த வாழ்வு நீண்டது. மனிதன் அளிக்கக் கூடியது இரண்டொரு தலைமுறையே. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரி அருகே ‘பெஞ்சல்’ புயல் கரை கடந்தது. இன்னும் புயல்கள் வரும், மரங்களும் வீழும். பொம்மைக்காக நிற்கும் மரத்தை வெட்டுதல் தகாது. தானே வீழ்ந்த மரத்தை ஆராயாது எரித்தலும் தகாது. எப்பகுதி அடுப்பிற்கு, எப்பகுதி உளிக்கு எனப் பிரித்தறிந்து, உரிய காலம்வரை காத்திருப்பதே அறிவுடைமையாகும்.