கப்பல் சாப்பாடும் அப்பாவின் செருப்பும்

போன வருஷம் அப்பாவுக்கு 70 முடிஞ்சதுக்கு, சிங்கப்பூர்ல இருக்கிற என் தம்பி குடும்பத்தோட ஒரு கப்பல் பயணம் ஏற்பாடு பண்ணான். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். 4 ராத்திரி.

திரும்பி வந்ததுலேர்ந்து பாக்கிறவங்க எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, "கப்பல்ல சாப்பாடு எப்படி?"

இதுதான் அதுக்குப் பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. பாதியில மருத்துவம் வரும். அப்பாகிட்ட அனுமதி கேட்டேன். "எழுது, ஆனா நான் ஐஸ்க்ரீம் கேட்டதை எழுதாதே"ன்னார். எழுதப் போறேன்.

முதல்ல சாப்பாடு.

மேல் தளத்துல ஒரு பெரிய பஃபே. நம்ம ஊர் கல்யாண மண்டபம் ரெண்டைச் சேர்த்து வச்ச அளவு. காலையில இட்லி, சாம்பார், வடை ஒரு பக்கம். அடுத்து பரோட்டா மாதிரி பிராட்டா, தேங்காய்ப்பால் சாதமான நாசி லெமாக், சீனர்களோட அரிசிக் கஞ்சி, ஆவியில வேகவச்ச டிம்சம். அதைத் தாண்டினா சாசேஜ், பேக்கன், கண்ணு முன்னாடியே ஆம்லெட் போடுறவர், பத்துப் பன்னெண்டு வகை பிரெட், சீஸ், பழம். மதியம் மொத்தமும் மாறிடும். சாயங்காலம் இன்னொரு தடவை மாறும்.

கீழ் தளத்துல வெள்ளைத் துணி விரிச்ச பெரிய சாப்பாட்டுக் கூடம். அங்க நமக்குன்னு ஒரு மேஜை, தினமும் அதே பணியாளர். மெனு அட்டை ஒவ்வொரு ராத்திரியும் புதுசு. முதல்ல சூப்போ சாலடோ, அப்புறம் முக்கியமான ஐட்டம், கடைசியில இனிப்பு. ரெண்டு சூப் கேட்டாலும் தருவாங்க, ரெண்டு மெயின் கேட்டாலும் தருவாங்க. தனிக் காசு கிடையாது.

இது போதாதுன்னு பீட்சா கடை, ஐஸ்க்ரீம் மெஷின், காபி கடை. ஸ்டேக்குக்கும் ஜப்பானிய சாப்பாட்டுக்கும் தனித் தனி உணவகம். அதுக்கு மட்டும் தனிக் கட்டணம். "டிக்கெட்டுக்குக் காசு குடுத்தாச்சு, இன்னும் என்ன காசு"ன்னு அப்பா அந்தப் பக்கமே திரும்பல. 34 வருஷம் மின்வாரியத்துல இருந்தவர், மீட்டர் ஓடுற எதுவும் அவருக்குப் பிடிக்காது.

பஃபே வாசல்லயே கை கழுவ வரிசையா குழாய் வச்சிருந்தாங்க. கழுவாம உள்ளே போனா ஒரு பையன் பாட்டுப் பாடித் திருப்பி அனுப்புறான். காரணம் நோரோ வைரஸ். கூட்டமா ஒரே இடத்துல சாப்பிடுற கப்பல் மாதிரி இடங்கள்ல வாந்தி, பேதியை வேகமா பரப்பும். சானிடைசர் அதுகிட்ட சரியா வேலை செய்யாது, சோப்பும் தண்ணியும்தான். பையனுக்கு முழு மார்க்.

இப்ப அப்பாவைப் பத்தி.

அவருக்கு 15 வருஷமா சர்க்கரை. 6 வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட் வச்சிருக்கு. அதுக்கப்புறம் இதயத்தோட பம்ப் பண்ற திறன் குறைஞ்சுபோச்சு. எக்கோ ரிப்போர்ட்ல ஈ.எஃப்.னு ஒரு சதவீதம் போட்டிருப்பாங்க, பாத்திருப்பீங்க. சாதாரணமா 55க்குப் பக்கத்துலயோ மேலயோ இருக்கும். அப்பாவுக்கு 35. இதைத்தான் இதயச் செயலிழப்புன்னு சொல்றோம். பேரு பயமுறுத்தும். இதயம் நின்னுபோச்சுன்னு அர்த்தமில்ல, பலம் குறைஞ்ச மோட்டார்னு வச்சுக்கோங்க. மாத்திரையோட நல்லாவே நடமாடலாம். அப்பா தினம் 3 கிலோமீட்டர் நடக்கிறவர்.

பயணம் போடும்போது தம்பி போன் பண்ணான். "அக்கா, ஃபார்ம்ல ஸ்பெஷல் டயட்னு கேக்குறான். வெஜிடேரியன், ஜெயின், க்ளூட்டன் ஃப்ரீ, லோ சோடியம், டயபெடிக்னு இருக்கு. அப்பாவுக்கு என்ன போடட்டும்?"

"டயபெடிக் போடு"ன்னேன். ஓ.பி.ல இருந்தேன், அடுத்த பேஷன்ட் உள்ளே வந்துட்டாங்க.

கப்பல் ஏறினதுலேர்ந்து நான் சர்க்கரை போலீஸ். குளுக்கோமீட்டர் கைப்பையில. அப்பா ஐஸ்க்ரீம் மெஷின் பக்கம் போனா பின்னாடியே போவேன். "ஏம்மா, நீ டாக்டரா, சி.ஐ.டி.யா?"ன்னார். ஒரே ஒரு தடவை ஒரு ஸ்பூன் குடுத்தேன். கேக் கிடையாது, ஜூஸ் கிடையாது. சாதத்தைக் குறைச்சு, அதுக்குப் பதிலா சூப் குடிங்க, சாலட் சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்கன்னு தட்டை நானே நிரப்பினேன். ரெண்டு நாளும் சுகர் 130, 145. பெருமையா தம்பிகிட்ட காட்டினேன்.

சாப்பாட்டுக் கூடத்துல எங்க மேஜைக்கு வந்தவர் கோவாக்காரர். முதல் ராத்திரியே குனிஞ்சு மரியாதையா கேட்டார், "உணவுல ஏதாவது கட்டுப்பாடு இருக்கா மேடம்?" அப்பாவுக்கு சர்க்கரைன்னு சொன்னேன். "வேற ஏதாவது?" இல்லைன்னேன்.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும்.

வீட்டுல அம்மா 6 வருஷமா உப்பைக் குறைச்சுத்தான் சமைக்கிறாங்க. ஊறுகாய் பாட்டில் அலமாரியில அப்பா கைக்கு எட்டாத தட்டுல இருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது எல்லாருக்குமே, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. கப்பல்ல என்ன ஆச்சு? ஒரு கிண்ணம் சூப்புல ஒன்றரை, ரெண்டு கிராம் உப்பு சர்வசாதாரணம். ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸ்ல ரெண்டு கிராமுக்கு மேல. சீஸ், சாசேஜ், சாலட் மேல ஊத்துற டிரெஸ்ஸிங் எல்லாத்துலயும் உப்பு. பிரெட்ல உப்பு இருக்கிறதே பல பேருக்குத் தெரியாது. சர்க்கரை ஏறக்கூடாதுன்னு நான் தேடித்தேடி அவர் தட்டுல வச்ச பாதி ஐட்டம் உப்பு மூட்டை.

வெரைட்டிக்கும் இதுல பங்கு உண்டு. ஒரே ருசியைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டா நாக்கு சலிச்சுப்போய் தானா நிறுத்திடும். ருசி மாறினா பசி திரும்ப முழிச்சுக்கும். வயிறு ரொம்பினப்புறமும் பாயாசத்துக்கு இடம் இருக்கே, அது. பார்பரா ரோல்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 1980கள்லயே இதைச் சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. வீட்டுல ரெண்டு தோசையோட எழுந்துக்கிற அப்பா, பஃபேல ஏழெட்டு வகையில கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கிட்டார். ஒவ்வொண்ணும் கொஞ்சம்தான்.

பினாங்குல இறங்கி ஜார்ஜ் டவுன்ல நாசி கண்டார். நம்ம தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரி தோள்ல சுமந்து வித்த சோறு, அந்தப் பேரே அப்படி வந்ததுதான். நாலு குழம்பைச் சேர்த்து ஊத்துறாங்க. அருமை. குறையே சொல்ல மாட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் அம்மா சொன்னாங்க, "உங்கப்பா செருப்பு பட்டையைத் தளர்த்தி மாட்டிக்கிட்டு இருக்காரு, பாத்தியா?" நிறைய நடந்தோமேன்னு சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி லேசான வறட்டு இருமல். ஏ.சி. குளிர்னு சொன்னேன்.

மூணாம் நாள் மேஜையில அப்பா நாலாவது தடவை தண்ணி கேட்டார். கோவாக்காரர் ஜாடியையே வச்சுட்டு, "சாருக்கு ரொம்ப தாகமா இருக்கு"ன்னு என்னைப் பாத்துச் சொன்னார். புக்கெட் வெயில்னு நினைச்சேன்.

என் ஓ.பி.க்கு யாராவது வந்து "கால் வீங்குது, படுத்தா இருமுது, தாகமா இருக்கு"ன்னு இந்த மூணையும் ஒரே மூச்சுல சொல்லியிருந்தா அடுத்த கேள்வியே வேற. அப்பா மூணையும் மூணு நாள்ல, மூணு இடத்துல காட்டினார்.

அன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு அம்மா கதவைத் தட்டினாங்க. அப்பா பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு நாற்காலியில நிமிர்ந்து உக்காந்திருக்கார். படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா பரவாயில்லைங்கிறார். வாக்கியத்தை முழுசா முடிக்க முடியல. கணுக்காலுக்கு மேல விரலால அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்னுச்சு. வெளியே கும்மிருட்டு, கடல். புக்கெட்டை விட்டு பல மணி நேரம் ஆச்சு. அடுத்த துறைமுகம் சிங்கப்பூர், அதுவும் மறுநாளைக்கு மறுநாள் காலையில.

20 வருஷம் ராத்திரி ட்யூட்டி பாத்தவ நான். அப்ப என் கை நடுங்கினது உண்மை.

கப்பல்ல மருத்துவ மையம் உண்டு. போன் பண்ண அஞ்சு நிமிஷத்துல வீல்சேரோட நர்ஸ் வந்தாங்க. ஆக்ஸிஜன் அளவு 90, பி.பி. 170க்கு 100. டாக்டர் தென்னாப்பிரிக்கர், அமைதியான மனுஷன். இ.சி.ஜி. எடுத்தார், ரத்தத்துல ட்ரோபோனின் பாத்தார். புதுசா அட்டாக் இல்ல. ஆக்ஸிஜன் வச்சு, ஃபியூரோசமைடு ஊசி நரம்புல போட்டார். நீரை வெளியேத்துற மருந்து. எடை பாத்தா, வீட்டைவிட்டுக் கிளம்பறப்ப இருந்ததைவிட 2.6 கிலோ கூட.

3 நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறினா அது சதை இல்ல, தண்ணி. இதை எப்படிப் புரிஞ்சுக்கணும்னா, ஆஸ்பத்திரியில ஏத்துற சலைன் ஒரு லிட்டர்ல 9 கிராம் உப்பு இருக்கு. உடம்பு வெளியே தள்ள முடியாம 9 கிராம் உப்பைத் தேக்கி வச்சா, கூடவே ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும். பலம் குறைஞ்ச மோட்டாரால அதை இறைக்க முடியாது. முதல்ல கால்ல தேங்கும். படுத்தா நுரையீரலுக்கு ஏறும்.

டாக்டர் அப்பாகிட்ட கேட்டார், "நீர் மாத்திரை தினமும் போட்டீங்களா?"

அப்பா என்னைப் பாக்கல. கூரையைப் பாத்தார்.

திருச்சியில ஃப்ளைட் ஏறின நாளிலேர்ந்து போடல. ஃப்ளைட்ல எழுந்து எழுந்து போகணுமேன்னு ஒரு நாள், கப்பல் ஏற வரிசையில நிக்கணுமேன்னு ஒரு நாள், பினாங்கு பஸ்ல பாத்ரூம் இருக்காதேன்னு ஒரு நாள், புக்கெட்லயும் அதே கதை. "உன்கிட்ட சொன்னா திட்டுவே"ன்னார். மத்த மாத்திரை எல்லாம் கரெக்டா போட்டிருக்கார். இது மட்டும் அட்டையில 4 மிச்சம்.

என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்: நிறுத்தாதீங்க, ஊர் சுத்திட்டு மதியம் ரூமுக்கு வந்து போட்டுக்கோங்க. நிறையப் பேருக்கு இப்படி நேரத்தை மாத்திக்கலாம், உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா போதும். ஆனா ஐஸ்க்ரீம் மெஷின் வரைக்கும் துரத்துற பொண்ணுகிட்ட எந்த அப்பா வந்து கேப்பார்?

விடியறதுக்குள்ள ஒன்றரை லிட்டர் சிறுநீர் போச்சு. காலை 7 மணிக்கு ஒரு தலகாணியில மல்லாந்து படுத்துத் தூங்கினார். அம்மா அவர் கால்மாட்டிலேயே உக்காந்திருந்தாங்க.

பில் ஆயிரம் டாலருக்கு மேல. கப்பல்ல சாப்பாடு டிக்கெட்டோட சேர்ந்தது, வைத்தியம் சேராது. பயணக் காப்பீடு எடுக்கும்போது தம்பி பழைய இதய நோயை மறைக்காம எழுதியிருந்ததால பணம் திரும்பி வந்துச்சு. மறைச்சிருந்தா வந்திருக்காது.

அன்னைக்கு மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியா போய் கோவாக்காரரைத் தேடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிப்போச்சு. "மேடம், உப்பில்லாத சமையல் எங்ககிட்ட எப்பவுமே உண்டு. மெனு அட்டையில இருக்காது, அவ்வளவுதான். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மறுநாள் மெனுவைக் காட்டுவோம், நீங்க தேர்ந்தெடுத்தா சமையலறையில தனியா பண்ணிருவாங்க. பஃபேல அது முடியாது. அங்க எல்லாம் முன்னாடியே உப்புப் போட்டு வந்துரும்."

அத்தனை தளம், அத்தனை அடுப்பு, அத்தனை வகை. எங்களுக்கு வேண்டிய ஒரே சாப்பாடு காட்சிக்கு வைக்காத சாப்பாடு. அவர் முதல் நாளே "வேற ஏதாவது?"ன்னு கேட்டார்.

கமென்ட்ல யாராவது கண்டிப்பா கேப்பீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். இந்துப்பும் உப்புதான், பெரும்பகுதி அதே சோடியம். கடையில "லோ சோடியம்"னு விக்கிற உப்புல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களுக்கும், சில பி.பி., இதய மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க.

கடைசி ராத்திரி அப்பாவை மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போனோம். கோவாக்காரர் ஒரு மூடி போட்ட தட்டைக் கொண்டுவந்து வச்சார். எலுமிச்சை, மிளகு, பூண்டு தடவி வாட்டின மீன். வேகவச்ச காய். கொஞ்சம் வெறும் சாதம். ஒரு கிண்ணம் தயிர்.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல.

"உங்கம்மா சமையல் மாதிரியே இருக்கு."

"இது பாராட்டா, குத்தலாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. அப்பா பதில் சொல்லாம தட்டைக் காலி பண்ணார்.

இப்ப வீட்டுல எடை மெஷின் வாங்கி வச்சாச்சு. காலையில எழுந்து, பாத்ரூம் போயிட்டு, காபிக்கு முன்னாடி ஏறி நிக்கிறார். நம்பர் எனக்கு வாட்ஸ்அப்ல வந்துரும். நீர் மாத்திரையைப் பத்தி நான் திட்டறதில்ல, கேக்க மட்டும் செய்யறேன்.

தம்பி அடுத்த வருஷத்துக்கு வேற ரூட் பாத்துக்கிட்டு இருக்கான். டயட் ஃபார்மை இந்தத் தடவை அம்மா நிரப்புறாங்களாம்.