வலப்பக்கக் கண்ணாடி

"எந்தப் பக்கம் போச்சு?"

"ரைட்டு."

உடைந்த மிரரை என் கையிலிருந்து வாங்கினார் கடைக்காரர். அதன் பிளாஸ்டிக் முதுகில் படிந்திருந்த மஞ்சள் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "லாரியா?"

"ஆமா பாய். பர்கூர் கிட்ட."

"அப்ப லாரி உனக்கு ரைட்ல இருந்துச்சு. நீதாம்மா லெஃப்ட்ல ஏறியிருக்கே."

வேலூரிலிருந்து பெங்களூரில் அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வந்தவர் போனவர் எல்லோரிடமும் கதையைச் சொல்லிவிட்டேன். லாரிக்காரன் பார்க்காமல் இடித்தான், நிற்காமல் போனான், ஒரு விரல் தள்ளியிருந்தால் கதவே போயிருக்கும். கேட்டவர்கள் அத்தனை பேரும் லாரிக்காரரைத்தான் திட்டினார்கள். எந்தப் பக்கக் கண்ணாடி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சிவாஜிநகர் குஜிரிச் சந்தையில் பழைய உதிரி பாகம் விற்கிற இந்த மனிதர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

எனக்குக் கோபம் வந்தது. "ரெண்டு லாரி பக்கத்துல பக்கத்துல அடைச்சிட்டுப் போனா வேற எப்படிப் போறது பாய்?" குரல் உயர்ந்துவிட்டது. எதிர்க்கடையில் சைலன்சர்களை அடுக்கிக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். பாய் பதில் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, தெருப் பக்கம் பார்த்து "தோ சாய்" என்று குரல் கொடுத்தார்.

நடந்தது இதுதான். அந்த இடத்தில் போகிற திசைக்கு மூன்று தடங்கள். வலது ஓரத்தில் ஒரு லாரி, நடுவில் ஒரு லாரி, இரண்டும் ஒரே வேகம். ஹாரன் அடித்தேன், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன், பலனில்லை. இடது தடம் காலியாகக் கிடந்தது. அழுத்தினேன். நடு லாரியின் பாதி நீளத்தைத் தாண்டியபோது அது இடப்பக்கம் சரியத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடி வயரில் தொங்கியது. காருக்குள் என் அம்மா இருந்தார். ஓசூர் வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

டீயோடு சின்ன வெங்காய சமோசாக்களும் ஒரு தட்டில் வந்தன. வெங்காயத்தில் பச்சை மிளகாய் தூக்கலாக இருந்தது. பாய் சமோசாவைப் பிட்டபடி ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். கலாசிப்பாளையத்தில் லோடு ஏற்றி, சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து வேறு லோடோடு திரும்புவார். பேச்சு தமிழ்தான். நடுநடுவே தக்கினி உருது வந்தது, கடைக்கு வந்த ஒருவரிடம் கன்னடம் வந்தது, மறுபடி நூல் அறாமல் தமிழுக்குத் திரும்பியது. 1800களின் தொடக்கத்தில் கன்டோன்மென்ட் அமைந்தபோது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இந்தப் பகுதி முழுக்க இருக்கிறார்கள். அப்போது இதன் பெயர் பிளாக்பள்ளி. பெங்களூர்த் தமிழை இளப்பமாக நினைக்கும் வேலூர்க்காரி நான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்ட தமிழ் என் பாட்டியின் தமிழைப்போல இருந்தது. "இன்னாத்துக்குமா அவசரம்?" என்று பாட்டியும் கேட்பார்.

"ரெண்டு லாரியும் சும்மா அடைச்சிட்டுப் போகலை. ஒருத்தன் இன்னொருத்தனை ஓவர்டேக் பண்ணிட்டிருந்தான். உனக்குத்தான் அது தெரியலை."

புதிய சரக்கு வண்டிகளில் 80 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. 2015 அக்டோபர் முதல் கட்டாயம். ஒரு லாரி 78இல் போகிறது, பின்னால் வருவது 80இல். வித்தியாசம் மணிக்கு இரண்டே கிலோமீட்டர், அதாவது நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு வண்டிகளின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து அறுபது மீட்டர் என்று வைத்தால், முந்தி முடிக்க ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இரண்டும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் ஓடியிருக்கும். இந்தக் கணக்கை அன்று இரவு அக்கா வீட்டில் உட்கார்ந்து நான் போட்டேன். ஜெர்மனியில் இதற்கு 'யானைப் பந்தயம்' என்றே பெயர். அங்கேயும் கார்க்காரர்கள் எரிச்சல்படுகிறார்கள், சில நீளங்களில் லாரி முந்துவதற்கே தடை இருக்கிறது. ஆனால் ஓரமாக மறுபக்கம் ஏறி முந்துவதை அங்கே கடும் விதிமீறலாகப் பார்க்கிறார்கள். ஆட்டோபானின் பல பகுதிகளில் வேக வரம்பே இல்லாமல் ஓட முடிவதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம். வேகத்தைப் பார்த்து வாய் பிளக்கும் நாம் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

"சரி பாய், ஓவர்டேக் பண்ணாதப்பவும் லாரியெல்லாம் ரைட்லயே போறாங்களே, அது நியாயமா?"

இதற்கு அவரும் கொஞ்சம் சூடானார். "லெஃப்ட்ல என்னா இருக்குன்னு நீ ஓட்டிப் பாத்தியா?" என்று விரல் மடக்கினார். பஞ்சரான வண்டி நிற்கும், பின்னால் கல்லும் மரக்கிளையும் போட்டிருப்பார்கள், இரவில் அது கிட்டே போனால்தான் தெரியும். ஒரு கிலோமீட்டர் சுற்ற மனமில்லாமல் எதிர்த்திசையில் பைக் வரும். பஸ் நிற்கும், ஆள் இறங்கும். ஆடு வரும். முப்பது டன் லோடை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் டீசல் யார் கணக்கு? வலப்பக்கம் போனால் ஒரே ஓட்டமாகப் போகலாம். "தப்புதான். நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா ஆடு நிக்கிற டிராக்ல லாரியைப் போன்னு சொன்னா அவன் எப்படிப் போவான்?"

அவர் ஓட்டத் தொடங்கிய காலத்தில் இது ஒற்றைச் சாலை. முந்துவது என்றால் எதிரே வருகிறவனின் பாதையில் ஏறுவது. முன்னால் போகிற லாரியின் கிளீனர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வா என்றோ நில் என்றோ காட்டுவான். வலது இண்டிகேட்டர் போட்டால் 'வரலாம்' என்று ஒரு ஊர்க்காரன் எடுத்துக்கொள்வான், 'எதிரே வண்டி, வராதே' என்று இன்னொரு ஊர்க்காரன். "லைட்டை நம்ப மாட்டோம், கையைத்தான் நம்புவோம்." சைடு கேட்பது, சைடு கொடுப்பது என்று அதற்குப் பேச்சே இருந்தது. கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்தால் போகிறவன் கை காட்டிவிட்டுப் போவான். பிறகு தங்க நாற்கரச் சாலைத் திட்டம் வந்தது, சாலை நாலு வழியானது, ஆறு வழியானது, கிளீனர்களும் குறைந்துபோனார்கள். "ரோட்டை மாத்துனாங்க. ஓட்டுறவன்கிட்ட யாரும் வந்து சொல்லலை."

நாங்கள் பேசிக்கொண்டிருந்த சந்தைப் பார்த்தேன். பத்தடி அகலம் இருக்கும். பம்பர்களைக் கட்டிய தள்ளுவண்டி, இரண்டு ஆட்டோ, எருமைத் தோல் நிறத்தில் ஒரு பழைய அம்பாசிடர் கதவைத் தலையில் சுமந்துவந்த ஒருவர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள். கோடு இல்லை, பலகை இல்லை, போலீஸ் இல்லை. யாரும் யார்மீதும் மோதவில்லை. ஒருவர் கண்ணை மற்றவர் பார்க்கிறார், ஒருவர் ஒதுங்குகிறார். நடக்கிற வேகத்தில் அது போதும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மூளை யோசித்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் இந்தச் சந்தின் பாதி கடந்துவிடும். அந்த வேகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அதனால்தான் கோடு போடுகிறார்கள். இந்தச் சந்தில் கண்கள் செய்கிற வேலையை நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோடு செய்ய வேண்டியிருக்கிறது. நான் இடப்பக்கம் ஏறியபோது அந்த லாரி ஓட்டுநருடன் இருந்த ஒரே பேச்சுவார்த்தையை அறுத்துவிட்டேன். இடது தடத்துக்குத் திரும்பும் லாரி, பின்னாலிருந்து அங்கே ஒரு கார் 110இல் பாய்ந்து வரும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்? அவர் இண்டிகேட்டர் போட்டாரா என்று பாய் கேட்டார். நான் பார்க்கவில்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பொதுவாக வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் விதிக்குப் புறம்பாக முந்துவது அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்ந்துவிட்டது. நான் செய்தது அதுதான். என் வேகமும் வரம்பைத் தாண்டியது. 2018இல் மத்திய அரசு விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120 வரை அனுமதித்தபோது, என்ஜினும் சாலையும் மேம்பட்டுவிட்டன என்பது வாதம். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. விதியை மதிக்காமல் ஓட்டுகிற நாட்டில் நல்ல என்ஜினைக் காட்டி வேகத்தைக் கூட்ட முடியாது என்பதே நீதிபதிகளின் கவலை. கடையில் பாய் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். பத்தில் ஏழு சாவுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் வருகிறது. அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. எங்கள் ஊர்ச் சாலை, எங்கள் ஊர் ஓட்டுநர் என்று நான் பெருமை பேசி வந்ததற்கு இந்த எண் இடம் கொடுக்கவில்லை.

பெங்களூர்-மைசூர் சாலையைப் பற்றி நானே கேட்டேன். 2023 மார்ச்சில் திறந்த அந்த விரைவுச்சாலையில் அடுத்தடுத்துச் சாவுகள் விழுந்தபின், ஆகஸ்ட் 1 முதல் பைக்கும் ஆட்டோவும் டிராக்டரும் பிரதான தடத்தில் வரக் கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டு, 130க்கு மேல் போனால் வழக்கு என்று கர்நாடகப் போலீஸ் அறிவித்தது. ஆட்டோ ஓட்டுகிற மருமகன் ஒருவர் பாய்க்கு இருக்கிறார். தடை வந்தபோது அவர் கொதித்தாராம். "நான் சொன்னேன், நீ முப்பதுல போற, அவன் நூறுல வர்றான், ரெண்டு பேரும் ஒரே ரோட்ல எப்படிடா? பக்கத்து ரோட்ல போ, வீட்டுக்கு வா."

இது எனக்குச் சரியாகப் பட்டது. லாரி வலப்பக்கத்தை விட வேண்டும் என்றால் இடப்பக்கத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும். நின்ற வண்டியை உடனே இழுத்துப்போக வேண்டும், ஊர்களுக்குப் பக்கச் சாலை தொடர்ச்சியாக வேண்டும், எதிர்த்திசையில் வருகிற பைக்கை நிறுத்த வேண்டும். சுங்கம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. அது நடக்கும்வரை நான் இடப்பக்கம் ஏறலாம் என்று அர்த்தமில்லை.

அதே மாடலின் வலப்பக்கக் கண்ணாடி, ஒரு கீறலோடு, எழுநூறு ரூபாய். பேரம் பேசவில்லை. பாயே ஸ்க்ரூடிரைவரோடு வந்து பொருத்தினார். பிறகு என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பின்னால் நடந்துபோய், கண்ணாடியில் அவர் எங்கே மறைகிறார் என்று சொல்லச் சொன்னார். கண்ணாடியிலிருந்து முழுசாக மறைந்தும், திரும்பிப் பார்த்தால் கை தொடும் தூரத்தில் நின்றார். "லாரிக்கு இது இன்னும் பெருசு. லெஃப்ட் சைடுல முழு காரே காணாமப் போயிரும்."

திரும்பும்போது சூளகிரி தாண்டி மறுபடி இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில். அறுபது மீட்டர் பின்னால் வலது தடத்திலேயே தொடர்ந்து போனேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் கழித்து வலது லாரி முந்தி முடித்து, இடது இண்டிகேட்டர் போட்டு நடுத் தடத்துக்கு ஒதுங்கியது. கடக்கும்போது ஓட்டுநர் கையை வெளியே நீட்டி அசைத்தார். வேலூர் வந்துசேர வழக்கத்தைவிடப் பதினோரு நிமிடம் கூடுதலாக ஆனது.